கிராமர் புக் வாங்கப் போறியா? கொஞ்சம் நில்லு!

ஐயெல்ட்ஸ் தேர்வில் கிராமருக்கு என்று தனிப் பேப்பர் கிடையாது. லிசனிங், ரீடிங், ரைட்டிங், ஸ்பீக்கிங் என்று நான்கே நான்குதான். 'வாக்கியத்தை பாஸிவ் வாய்ஸில் மாற்றுக' என்று யாரும் கேட்கப் போவதில்லை. இருந்தும், இந்தத் தேர்வு எழுதப் போகிற தங்கச்சி, தம்பி யாராக இருந்தாலும் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, "அக்கா, எந்த கிராமர் புக் வாங்கட்டும்?" என்பதுதான்.

கேள்வியில் தப்பில்லை. ரைட்டிங்கில் நான்கு அளவுகோல்கள் வைத்து மதிப்பெண் போடுகிறார்கள். அவற்றில் ஒன்று கிராமர். ஸ்பீக்கிங்கிலும் அப்படியே. ஆக, இரண்டு பகுதிகளிலும் கால் பங்கு கிராமருடையது. லிசனிங், ரீடிங்கில்கூட அது ஒளிந்திருக்கிறது. பன்மையில் எழுத வேண்டிய விடையில் கடைசி 'எஸ்' விட்டுப்போனால் அந்த ஒரு மார்க் போயே போச்சு.

ஆனால் புக் எது என்பது இரண்டாவது கேள்வி. உன் தப்பு எது என்பதுதான் முதல் கேள்வி. அது தெரியாமல் கடைக்குப் போனால், தடிமனாக இருக்கிற புத்தகத்தைத்தான் வாங்கி வருவாய். அது அலமாரியில் தூங்கும்.

புக்குக்கு முன்னால் ஒரு கட்டுரை

ரைட்டிங்கில் கட்டுரை கேட்கிற பகுதி டாஸ்க் 2. அதிலிருந்து ஏதாவது ஒரு தலைப்பை எடு. 40 நிமிஷம். 250 வார்த்தை. கம்ப்யூட்டரில் எழுதப் போகிறாய் என்றால் நோட்பேடில் டைப் செய். வேர்டில் வேண்டாம், அது சிவப்புக் கோடு போட்டுக் காட்டிக்கொடுக்கும். தேர்வுத் திரையில் வார்த்தை எண்ணிக்கை தெரியும், ஆனால் தப்பைக் காட்டுகிற கோடு எதுவும் வராது. கையால் எழுதுகிறவள் என்றால் ஒரு வரி விட்டு ஒரு வரி எழுது, திருத்த இடம் வேண்டும்.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நம்பர் போடு. பிறகு நன்றாக ஆங்கிலம் எழுதத் தெரிந்த ஒருவரிடம் கொடு: காலேஜ் மேடம், ஏற்கெனவே தேர்வு எழுதி வெளிநாடு போன சீனியர், யாரானாலும் சரி. அவரிடம் ஒன்றே ஒன்று கேள்: "திருத்த வேண்டாம், தப்பு இருக்கிற இடத்தில் அடிக்கோடு மட்டும் போடுங்க." திருத்திக் கொடுத்தால் நீ வாசித்துவிட்டு 'ஓ, சரி' என்று மடித்து வைத்துவிடுவாய். அடிக்கோடு மட்டும் இருந்தால்தான், இங்கே என்ன தப்பு என்று மண்டையைக் குடைவாய். ஏஐ செயலியிடம் கொடுத்தாலும் இதே கட்டளைதான் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அது மொத்தக் கட்டுரையையும் தன் பாணியில் மாற்றி எழுதிப் பளபளவென்று நீட்டும். அதில் உன் தப்பும் இருக்காது, நீயும் இருக்க மாட்டாய்.

பிரிட்டன் போக முயற்சி செய்கிற நர்ஸ் பெண் ஒருத்தியின் கட்டுரையிலிருந்து ஒரு வாக்கியம் காட்டுகிறேன். ஆங்கில வாக்கியத்தைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்:

'மெனி ஹாஸ்பிட்டல் ஆர் ஹேவிங் மாடர்ன் எக்விப்மென்ட்ஸ் பட் த நர்ஸ் ஆர் நாட் கெட்டிங் ப்ராப்பர் ட்ரெயினிங்.'

என்ன சொல்ல வருகிறாள் என்பது புரிகிறது, இல்லையா? புரிந்துவிடுவதுதான் தொல்லை. புரிகிற வாக்கியத்தில் தப்பு இருப்பது எழுதியவள் கண்ணுக்குத் தெரியாது. 'மெனி' வந்தால் 'ஹாஸ்பிட்டல்ஸ்' வர வேண்டும். 'ஆர் ஹேவிங்' இல்லை, 'ஹேவ்'. 'எக்விப்மென்ட்' என்பதற்கு 'எஸ்' சேராது. 'த நர்ஸ் ஆர்' என்பது ஒருமையும் பன்மையும் மோதிக்கொள்கிற இடம். பொதுவாகச் சொல்வதால் 'நர்ஸஸ்' போதும். ஒரு வாக்கியத்தில் நான்கு தப்பு. எண்ணிப் பார்த்துவிட்டு அவளுக்கு முகம் வாடிவிட்டது. ஆனால் நான்கும் இரண்டே பாடம்தான். மூன்று தப்பு பெயர்ச்சொல்லின் ஒருமை, பன்மை, ஆர்ட்டிகிள் சம்பந்தப்பட்டவை. ஒன்று, 'ஐஎன்ஜி' போடக் கூடாத வினைச்சொல். கட்டுரை முழுக்கத் தேடியதில் அடிக்கோடுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டுக்குள்ளேயே அடங்கின. அவளுக்குத் தேவைப்பட்டது 300 பக்கம் இல்லை, பத்துப் பதினைந்து பக்கம்.

பிரிட்டனின் நர்ஸிங் கவுன்சில் ரீடிங், லிசனிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் 7 கேட்கிறது, ரைட்டிங்கில் 6.5 போதும் என்கிறது. அந்த அரை மதிப்பெண் சலுகையையே தாண்ட முடியாமல் ஆறிலேயே நிற்கிறவர்கள் எத்தனை பேர் என்று நர்ஸிங் படித்தவர்களைக் கேட்டுப் பார். காரணம் பெரும்பாலும் இந்த மாதிரிச் சின்னத் தப்புகள்தான், கடினமான இலக்கணம் இல்லை.

எக்ஸாமினர் என்ன பார்க்கிறார்?

மதிப்பெண் போடும் விதிகளை, பேண்ட் டிஸ்கிரிப்டர்ஸ் என்பார்கள், ஐயெல்ட்ஸ்காரர்களே வெளியிட்டிருக்கிறார்கள். இலவசம். கோச்சிங் சென்டரில் பணம் கட்டுவதற்கு முன்னால் அவற்றை ஒருதரம் படி. கிராமர் கட்டத்தில் 6-க்கும் 7-க்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பார். ஆறு வாங்குகிறவர் சின்ன வாக்கியமும் சிக்கலான வாக்கியமும் கலந்து எழுதுகிறார். தப்பு வருகிறது, ஆனால் பொருள் புரிகிறது. ஏழு வாங்குகிறவரிடம் தப்பே இல்லாத வாக்கியங்கள் அடிக்கடி வருகின்றன.

'அடிக்கடி' என்றால் எத்தனை என்று அவர்கள் எண் சொல்லவில்லை. நான் வைத்திருக்கும் கணக்கு, பாதிக்கு மேல். நம்பர் போட்ட உன் கட்டுரையில் அடிக்கோடு விழாத வாக்கியங்களை எண்ணு. 16-ல் 4 என்றால் வேலை நிறைய இருக்கிறது. 16-ல் 8 என்றால் நெருங்கிவிட்டாய். மாதம் ஒரு தடவை இந்த எண்ணிக்கையை எழுதி வை. மாக் டெஸ்ட் பேண்டைவிட இது நேர்மையான எண், ஏனென்றால் இதில் யாருடைய மனநிலையும் கலக்காது.

நீலமா, சிவப்பா, பச்சையா?

இப்போது புக்குக்கு வருவோம். ரேமண்ட் மர்ஃபியின் 'இங்கிலிஷ் கிராமர் இன் யூஸ்' பெயரை எல்லோரும் சொல்வார்கள். 1985-ல் முதலில் வந்தது; ஐந்தாம் பதிப்பு 2019-ல். கேம்பிரிட்ஜ் வெளியீடு. நீலம் என்றால் இதுதான். இடப்பக்கம் விளக்கம், வலப்பக்கம் பயிற்சி, இரண்டு பக்கத்தில் ஒரு யூனிட் முடிந்துவிடும். மொத்தம் 145 யூனிட். நடுத்தர நிலைக்கானது. ஐயெல்ட்ஸில் ஐந்தரை, ஆறு வாங்கக்கூடியவர்களுக்குச் சரியாகப் பொருந்தும்.

இதே ஆசிரியரின் 'எசென்ஷியல் கிராமர் இன் யூஸ்' சிவப்பு. ஆரம்ப நிலைக்கானது. நிறையப் பேர் இதை வாங்க வெட்கப்படுகிறார்கள். "டிகிரி முடிச்சிட்டு இதையாக்கா படிக்கிறது?" என்று ஒரு தம்பி கேட்டான். உன் அடிக்கோடுகள் 'ஹி கோ', 'ஷி டோன்ட்' மாதிரி இடங்களில் விழுகிறது என்றால் டிகிரியைப் பார்க்காதே, சிவப்பை எடு. வேகமாக முடிந்துவிடும். பச்சை நிற 'அட்வான்ஸ்டு கிராமர் இன் யூஸ்' மார்ட்டின் ஹியூயிங்ஸ் எழுதியது. ஏழரை, எட்டு குறி வைப்பவர்களுக்கு மட்டும். ஆர்ட்டிகிளில் தடுமாறிக்கொண்டே பச்சையை மடியில் வைத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பாக வரும், கொஞ்சம் பாவமாகவும் இருக்கும்.

எந்த நிறம் என்று முடிவு செய்ய எளிய வழி ஒன்று. நூலகத்திலோ தோழியிடமோ புக்கை வாங்கி, நடுவிலிருந்து ஏதாவது மூன்று யூனிட்டின் பயிற்சியை விளக்கம் படிக்காமல் போட்டுப் பார். கிட்டத்தட்ட எல்லாம் சரி என்றால் அந்த புக் உனக்கு வேண்டாம், மேலே போ. பாதிக்கும் கீழே என்றால் ஒரு படி இறங்கு. பத்துக்கு ஆறு, ஏழு சரி என்றால் அதுதான் உன் புக். சென்னையில் இருந்தால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் இருந்தால் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். போய் ஒரு மதியம் ஆங்கில மொழிப் பகுதியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வாங்கு.

தேர்வுக்கென்றே எழுதப்பட்ட கிராமர் புக்குகளும் உண்டு. டயானா ஹாப்கின்ஸும் பாலின் கல்லெனும் சேர்ந்து எழுதிய 'கேம்பிரிட்ஜ் கிராமர் ஃபார் ஐயெல்ட்ஸ்' 25 யூனிட். கிராமர் பயிற்சியோடு தேர்வு மாதிரிக் கேள்விகளும், கேட்டு எழுதும் பயிற்சியும் இருக்கும். அடிப்படை ஓரளவு சரியாக இருப்பவர்கள் மர்ஃபியைத் தாண்டி நேரே இதற்கு வரலாம். விளக்கம் மர்ஃபி அளவுக்கு நிதானமாக இருக்காது.

எனக்கு மிகப் பிடித்தது, யாரும் அதிகம் பேசாத ஒரு ஒல்லிப் புத்தகம்: 'காமன் மிஸ்டேக்ஸ் அட் ஐயெல்ட்ஸ்'. இன்டர்மீடியட், அட்வான்ஸ்டு என்று இரண்டு இருக்கின்றன. உண்மையாகவே தேர்வு எழுதியவர்களின் விடைத்தாளிலிருந்து தப்புகளைத் தொகுத்துப் போட்டிருக்கிறார்கள். பஸ்ஸில் போகும்போது படிக்கலாம். ஒரே குறை, மிகச் சீக்கிரம் முடிந்துவிடும்.

வீட்டில் அப்பா வைத்திருக்கும் ரென் அண்ட் மார்ட்டின்? தூக்கிப் போடாதே. ஐயெல்ட்ஸுக்கு அதை ஆரம்பத்திலிருந்து படிப்பது வீண். உதாரண வாக்கியங்களில் பிரிட்டிஷ் காலத்து வாசனை அடிக்கும். ஆனால் வாக்கியத்தை மாற்றி எழுதுவது, இரண்டு வாக்கியத்தை ஒன்றாக இணைப்பது பற்றிய அத்தியாயங்கள் இருக்கின்றனவே, அவற்றுக்கு இணையான பயிற்சி புது புக்குகளில் கிடைப்பது கஷ்டம். எல்லா வாக்கியத்தையும் ஒரே அச்சில் எழுதுகிறவர்கள் தினமும் ஐந்து வாக்கியம் அதிலிருந்து இணைத்துப் பழகினால் நடையில் வித்தியாசம் தெரியும். விடைகளுக்கான கீ தனிப் புத்தகம் என்பதை மட்டும் நினைவில் வை.

பழைய டோஃபல் புக்குகள் பற்றியும் ஒரு வார்த்தை. 'ஸ்ட்ரக்சர்' என்ற தலைப்பில் கிராமர் கேள்விகள் நிறைந்த புக் பழைய கடைகளில் மலிவாகக் கிடைக்கும். 2005-ல் இன்டர்நெட் வழி டோஃபல் வந்தபோதே அந்தப் பகுதி போய்விட்டது. மலிவு என்று அள்ளாதே. டோஃபல் எழுதுகிறவர்கள் அமெரிக்க ஆங்கிலத்தில் படிக்க நினைத்தால் பெட்டி அஸாரின் கிராமர் புக்குகள் நல்லவை.

கடையில் பார்க்க வேண்டியவை

அட்டையில் 'வித் ஆன்ஸர்ஸ்' என்று இருக்கிறதா பார். மர்ஃபி விடை இல்லாமலும் வருகிறது, அது வகுப்பறைக்கு. வீட்டில் தனியாகப் படிக்கிறவளுக்கு விடை இல்லாத ஒர்க்புக் எதற்கும் உதவாது. இந்தியாவில் விற்பதற்கென்று அச்சிடும் பதிப்பு விலை குறைவு, உள்ளே பாடம் அதேதான், அதை வாங்கினால் போதும். நடைபாதையில் கிடைக்கும் கள்ள அச்சில் எழுத்து மங்கியிருக்கும், பக்கம் முன்பின்னாக இருக்கும். நடுவில் ஒரு பயிற்சியை எடுத்து, அதே எண்ணுக்கான விடை கடைசிப் பக்கங்களில் இருக்கிறதா என்று நின்ற இடத்திலேயே சரிபார்.

பழைய புக் வாங்குவதில் தப்பே இல்லை. சென்னை மூர் மார்க்கெட்டில் இந்த வகை புக் நிறையப் புரளும். அங்கே பழைய மர்ஃபியைப் புரட்டிப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். முதல் இருபது யூனிட்டில் பென்சிலால் எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கும். அதற்கப்புறம் மழையில் நனையாத புதுச் சட்டை மாதிரி வெள்ளை வெளேர் என்று இருக்கும். வாங்கிய ஒவ்வொருவரும் முதல் பக்கத்தில் ஆரம்பித்து, காலங்களிலேயே களைத்துப்போய் நிறுத்தியிருக்கிறார்கள்.

இதில்தான் விஷயமே இருக்கிறது. மர்ஃபியில் ஆரம்ப யூனிட்டுகள் எல்லாம் டென்ஸ். தமிழ் பேசுகிறவர்களை அதிகம் சறுக்க வைக்கிற ஆர்ட்டிகிளும் பெயர்ச்சொல்லும் 69-லிருந்து 81 வரை, புத்தகத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கின்றன. முதல் பக்கத்திலிருந்து வருகிறவர் அங்கே போய்ச் சேருவதே இல்லை. இத்தனைக்கும் இந்தப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை படிக்க வேண்டாம், தேவையானதை மட்டும் எடுங்கள் என்று ஆசிரியரே சொல்லித்தான் வைத்திருக்கிறார். பின்பக்கம் 'ஸ்டடி கைடு' என்று ஒரு பகுதி உண்டு. அதில் கேள்விகளுக்கு விடை போட்டுப் பார்த்தால், எது தெரியவில்லையோ அதற்கு எந்த யூனிட் படிக்க வேண்டும் என்று எதிரிலேயே எண் இருக்கும். உன் கட்டுரையின் அடிக்கோடுகள், அந்த ஸ்டடி கைடு, இரண்டையும் சேர்த்து வைத்து உன் பட்டியலைத் தயார் செய். 145-ல் ஒரு முப்பது வந்தால் அதிகம்.

நம்ம ஊர் தப்புகள்

பட்டியல் போடும்போது இந்த இடங்களை விட்டுவிடாதே. தமிழில் 'பத்து புத்தகம் வாங்கினேன்' என்றால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். எண்ணே பன்மையைச் சொல்லிவிடுகிறது. அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்திலும் 'எஸ்' காணாமல் போகும். 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்' என்று எழுதாத ஆளை நான் பார்த்ததில்லை. 'பற்றி விவாதித்தோம்' என்ற நினைப்பில் 'டிஸ்கஸ் அபவுட்'. 'இருந்தாலும்... ஆனால்' என்று இரண்டையும் சேர்த்துப் பேசுகிற வாய், 'ஆல்தோ' போட்ட வாக்கியத்தின் நடுவில் 'பட்'டையும் கொண்டுவந்து வைக்கும். ஆல்தோவுக்கு மர்ஃபியில் 113-ஆம் யூனிட். 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' வகைக்கு 4-ஆம் யூனிட்.

இன்னொன்று கொஞ்சம் பெரியது, அதற்கு மர்ஃபியில் தனி யூனிட்டும் கிடையாது. போய், பார்த்து, பேசி, வாங்கி வந்தேன் என்று தமிழில் வினையெச்சங்களைக் கோத்துக்கொண்டே போகலாம், அழகாகவும் இருக்கும். அதே மூச்சில் ஆங்கிலம் எழுதினால் முழு வாக்கியங்களை வெறும் கமாவால் ஒட்டிக்கொண்டே போவாய். 'தி கவர்ன்மென்ட் ஷுட் பில்ட் மோர் ரோட்ஸ், பீப்பிள் ஆர் சஃபரிங், இட் இஸ் அ பிக் ப்ராப்ளம்' என்று. அது தப்பு. நிறுத்தற்குறியையும் கிராமர் கட்டத்தில்தான் பார்க்கிறார்கள். உன் கட்டுரையில் ஒவ்வொரு கமாவையும் வட்டமிடு. கமாவுக்கு முன்னும் பின்னும் இருப்பது தனித்தனியே முழு வாக்கியமாக நிற்குமா? நிற்கும் என்றால் நடுவில் முற்றுப்புள்ளி வை, அல்லது 'பிகாஸ்', 'விச்' மாதிரி ஒரு இணைப்பு போடு. இந்த ஒரு வேலைக்கே ஒரு வாரம் ஒதுக்கலாம்.

பயிற்சி செய்யும் விதம்

ஒர்க்புக்கில் ஒரு ஏமாற்று இருக்கிறது. கோடிட்ட இடம் என்பது 'இங்கேதான் பிரச்னை, கவனி' என்று விரல் நீட்டிக் காட்டிவிடுகிறது. அதனால் பயிற்சியில் பத்துக்குப் பத்து வாங்குகிறவள் கட்டுரையில் அதே தப்பைச் செய்கிறாள். தேர்வில் கோடும் இல்லை, விரலும் இல்லை. நீயாகத்தான் அந்த இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

அதனால் யூனிட்டை இப்படிச் செய். முதலில் வலப்பக்கப் பயிற்சியை விளக்கம் படிக்காமல் தனித்தாளில் போடு. புக்கில் எழுதாதே, இரண்டாம் தடவை போட வேண்டும், விடை கண்ணில் படக் கூடாது. திருத்திவிட்டு, தப்பான கேள்விகளுக்கு மட்டும் இடப்பக்கத்தில் காரணம் தேடு. அதற்கப்புறம் முக்கியமான வேலை. அந்த இலக்கணத்தை வைத்து ஐந்து வாக்கியம் சொந்தமாக எழுது. 'தி கேட் இஸ் ஆன் த டேபிள்' எல்லாம் வேண்டாம். தேர்வில் வருகிற தலைப்புகளில் எழுது: போக்குவரத்து, சுற்றுச்சூழல், பள்ளிக்கூடம், வேலை, உடல்நலம். ஒரு வாரம் கழித்து அதே பயிற்சியை மறுபடி போடு. இரண்டாம் முறையும் தப்பாகிற கேள்விதான் உன் உண்மையான எதிரி.

அந்த எதிரிகளுக்கு ஒரு நோட்டு போடு. தப்பு நோட்டு. இடப்பக்கம் நீ எழுதிய தப்பு வாக்கியம், வலப்பக்கம் சரியானது, கீழே யூனிட் எண். விதியை எழுதிக்கொண்டிருக்காதே, அது புக்கில் இருக்கிறது. பத்து நாளுக்கு ஒருமுறை வலப்பக்கத்தை மூடிக்கொண்டு இடப்பக்கத்தை மட்டும் பார்த்துத் திருத்து.

கட்டுரையைச் சரிபார்ப்பதையும் பழக்க வேண்டும். கடைசி நான்கைந்து நிமிஷம் இதற்கென்று வை. பொதுவாகப் படித்துக்கொண்டு போகாதே, கண் வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். ஒரு முறைக்கு ஒரு தப்பு மட்டும் தேடு. முதல் தடவை பெயர்ச்சொற்களின் 'எஸ்' மட்டும். அடுத்த தடவை வினைச்சொல் மட்டும். உனக்கு அதிகம் வருகிற மூன்று தப்புகள் எவை என்று தப்பு நோட்டு சொல்லும். அந்த மூன்றையும் தேர்வு அறையில் மனதுக்குள் சொல்லிக்கொண்டே தேடு.

ஸ்பீக்கிங்குக்கும் இதே புக்தான். இரண்டாம் பகுதியில் ஒரு நிமிஷம் யோசிக்க நேரம், பிறகு இரண்டு நிமிஷம் வரை பேச வேண்டும். போனில் ரெக்கார்ட் செய்து கேள். நேற்று நடந்ததைச் சொல்ல ஆரம்பிக்கிறவர்கள் மூன்றாவது வாக்கியத்திலேயே நிகழ்காலத்துக்கு நழுவி விடுவார்கள். அதை மட்டும் எண்ணு. உச்சரிப்பு, திக்கல், 'ஆக்சுவலி' எத்தனை முறை வருகிறது என்பதையெல்லாம் அன்றைக்கு விட்டுவிடு.

எந்தத் தேர்வு என்பதையும் பார்

அகாடமிக் எழுதுகிறவர்களுக்கு டாஸ்க் 1-ல் வரைபடம் வரும். அதற்கு ஒப்பீடு, பாஸிவ், எண்களோடு வரும் ப்ரிபொசிஷன் முக்கியம். 20 சதவீதம் 30 ஆனால் அது 'டு 30', '30 வரை'. அதையே 'பை 30' என்று எழுதினால் 50 ஆகிவிடும். கிராமர் தப்பு தகவல் தப்பாகவே மாறுகிற இடம் இது. ஜெனரல் ட்ரெயினிங் எழுதுகிறவர்களுக்குக் கடிதம். 'குட்', 'வுட்' போட்டுப் பணிவாகக் கேட்பது, கேள்வியை நேராகக் கேட்காமல் சுற்றிக் கேட்பது, இந்த யூனிட்டுகளை முன்னால் எடு.

மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடி எழுதுகிற நர்ஸ்கள் கவனத்துக்கு: உங்கள் ரைட்டிங் நோயாளி குறிப்பை வைத்துக் கடிதம் எழுதுவது, 180 முதல் 200 வார்த்தை அளவில். குறிப்பில் ஆர்ட்டிகிள் இருக்காது, வினைச்சொல் பாதி இருக்காது. 'அட்மிட்டட் வித் செஸ்ட் பெயின்' என்று இருப்பதை 'ஷி வாஸ் அட்மிட்டட்' என்று முழு வாக்கியமாக்க வேண்டும். எப்போதோ முடிந்த சிகிச்சைக்கு ஒரு காலம், இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மாத்திரைக்கு ஒரு காலம். மர்ஃபியில் பாஸ்ட், பிரசென்ட் பெர்ஃபெக்ட் ஒப்பீடு, பாஸிவ் 42 முதல் 46, ஆர்ட்டிகிள், இந்த மூன்றும் போதும். மற்றதெல்லாம் அப்புறம். வார்டில் ஹேண்ட்ஓவர் எழுதுகிறவர்கள் தினமும் ஒரே ஒரு குறிப்பை மட்டும் முழு வாக்கியத்தில் எழுதிப் பழகலாம், பெயர் விவரம் இல்லாமல்.

எத்தனை நாள் ஆகும் என்று கேட்பாய். மூன்று மாதம் இருந்தால் நாளுக்கு ஒரு யூனிட் நிதானமாகப் போகலாம், வாரம் இரண்டு கட்டுரை. ஒரே மாதம்தான் என்றால் ஒரு தப்பு வகைக்கு ஒரு வாரம், மொத்தம் மூன்று வகை. நான்காவது வாரம் முழுக்கக் கட்டுரையும் சரிபார்ப்பும். ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால் புது ஒர்க்புக் வாங்கவே வாங்காதே, காசு மிச்சம். இதுவரை எழுதிய கட்டுரைகளை எடுத்து அடிக்கோடு போட்டாலே அந்த வாரம் போதாது.

இரண்டு புக்குக்கு மேல் வைத்துக்கொள்ளாதே. ஒன்று கிராமர், ஒன்று கேம்பிரிட்ஜ் பழைய தேர்வுத் தாள் தொகுப்பு. அந்தத் தொகுப்பின் கடைசியில் மாதிரிக் கட்டுரைகளும் எக்ஸாமினர் கருத்தும் இருக்கும். யாரும் அந்தப் பக்கத்துக்குப் போவதில்லை. ஐந்து, ஆறு வாங்கிய கட்டுரைகளைப் படி. அடிக்கோடு போட நீயே பழகிக்கொள்வாய், அப்புறம் யாரிடமும் கெஞ்ச வேண்டாம்.

தேர்வுக்கு முந்தின நாள் புது யூனிட் எதையும் தொடாதே. தப்பு நோட்டை ஒருமுறை புரட்டிவிட்டுச் சீக்கிரம் தூங்கு. நோட்டு தேர்வு அறைக்குள் வராது. பாஸ்போர்ட் வராவிட்டால் உன்னையே உள்ளே விட மாட்டார்கள், அதை முந்தின ராத்திரியே பையில் எடுத்து வை.